கால் கடுக்கும் கான்கிரீட் தரை: பாயா, ஷூவா, மரத்தளமா?

பட்டறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும்: கையில் வேலை இருக்கும்வரை கால் ஞாபகத்துக்கே வராது. விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, பத்து நிமிடம் கழித்து எழும்போதுதான் முழங்கால் மடங்க மறுக்கும். மறுநாள் காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கியது போல இருக்கும். நாலைந்து அடி நடந்தால் அது தணிந்துவிடும். தணிந்துவிடுவதால்தான் நாமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி போய் அதே தரையில் நிற்கிறோம்.

நான் மரவேலை செய்கிறவன். என் பட்டறைத் தரை வெறும் கான்கிரீட். முழங்காலும் இடுப்பும் சேர்ந்து தொந்தரவு கொடுக்கத் தொடங்கிய பிறகு ரப்பர் பாய், நல்ல ஷூ, அதற்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோல், மரத்தளம், உயரமான ஸ்டூல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலது கைகொடுத்தது, சிலது பணத்தை மட்டும் தின்றது. எது யாருக்குப் பொருந்தும், எதை முதலில் செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதை இங்கே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், எதிரி யார்?

கான்கிரீட் கல் மாதிரி இருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது என்று சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. அதே தரையில் ஒரு மணி நேரம் அங்குமிங்கும் நடந்து பாருங்கள், இவ்வளவு கடுப்பு இருக்காது. அசையாமல் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால்தான் கால் கெஞ்சும்.

காரணம் கெண்டைக்கால் சதையில் இருக்கிறது. கீழே இறங்கிய இரத்தத்தை மறுபடி மேலே தள்ளுகிற பம்ப் அதுதான். ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சதை சுருங்கி நாளங்களைப் பிழிகிறது. நாளங்களுக்குள் இருக்கும் வால்வுகள் இரத்தம் திரும்பக் கீழே வழியாமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் பம்ப் நின்றுபோகும். இரத்தம் காலிலேயே தேங்கும், பாதம் வீங்கும், சாயங்காலம் காலையில் போட்ட ஷூ இறுக்கமாகத் தெரியும். கூடவே முதுகு, இடுப்பு, தொடைச் சதைகள் நம்மை நிமிர்த்தி வைக்க இடைவிடாமல் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. விட்டு விட்டு வேலை செய்யும் சதை களைப்பதைவிட, விடாமல் இழுபட்டு நிற்கும் சதை சீக்கிரம் களைத்துப்போகும்.

மூட்டுக்குள்ளும் இதே கதைதான். முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். ஸ்பாஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை இழுத்துக்கொள்வதைப் போல, அழுந்தி விடுபடும்போதுதான் அது திரவத்தை உறிஞ்சும். மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டே நின்றால் பிழிவது மட்டும் நடக்கிறது, விடுவது நடப்பதில்லை. களைப்பு ஏற ஏற நாம் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு நிற்கவும் தொடங்குகிறோம். அப்போது எடையைச் சதை தாங்குவதில்லை, தசைநார்களில் தொங்க விடுகிறோம்.

கான்கிரீட்டின் பங்கு எங்கே வருகிறது? அது இம்மியும் விட்டுக்கொடுக்காது. கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பரப்பில் நிற்கும்போது உடம்பு நமக்குத் தெரியாமலே சன்னமாக ஆடி ஆடிச் சரிசெய்துகொள்ளும். அந்தச் சின்ன ஆட்டமே கெண்டைக்கால் சதைக்கு வேலை கொடுக்கும். கான்கிரீட்டில் அந்த ஆட்டம் குறைவு. அதோடு அது காலின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த தரையில் நின்றால் மூட்டு இன்னும் இறுகிப்போவதாகப் பலருக்கும் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். பாதத்துக்கு மெத்தென்று இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. என்னை அசைய வைக்கிறதா, அல்லது நிற்கும் நேரத்தையே குறைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

தூசி சொல்லும் கணக்கு

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நாள் பட்டறையைப் பெருக்காமல் விடுங்கள். சாயங்காலம் தரையைப் பாருங்கள். என் பட்டறையில் மரத்தூள் எங்கும் ஒரே சீராகப் படிந்திருந்தது. மேசையில் வைஸ் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கருவி) பொருத்தியிருக்கும் மூலைக்கு முன்னால் மட்டும் இரண்டு பாத அகலத்துக்குத் தரை வெறுமையாக, துடைத்து விட்டது போல இருந்தது. ரம்பத்துக்கு முன்னால் இன்னொரு தடம் இருந்தது, ஆனால் அவ்வளவு தெளிவில்லை. நான் பட்டறை முழுக்க நடந்துகொண்டே இருப்பதாக நினைத்திருந்தேன். தூசி வேறு கணக்குச் சொன்னது.

தூசி படியாத வேலை என்றால் சாக்பீஸால் நிற்கும் இடத்தை வட்டமிட்டு, எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இடத்திலேயே நாள் கழிகிறது என்றால் உங்களுக்கு ஒரு வழி. பத்து இடத்துக்கு ஓடுகிறீர்கள் என்றால் வேறு வழி. இந்த ஒன்றைப் பார்க்காமல் வாங்கியதால்தான் நான் முதலில் ஒரு பெரிய பாயை வாங்கித் தவறான இடத்தில் விரித்தேன்.

ரப்பர் பாய்

ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு முதல் தேர்வு இது. ஆனால் பாய் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்றல்ல.

ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் கட்டங்கள் விலை குறைவு, எடை கிடையாது, கத்தியாலேயே வெட்டிக்கொள்ளலாம். பெரும்பாலானவை இ.வி.ஏ. என்ற லேசான பிளாஸ்டிக் ஃபோம். முதல் மாதம் சொர்க்கம் மாதிரி இருக்கும். பிறகு அதிகம் மிதிக்கும் இடத்தில் பள்ளம் விழும், பள்ளம் திரும்ப எழாது. ஸ்டூல் கால் பட்ட இடம் குழியாகவே நிற்கும், கோத்த பல் பிரியும், பிரிந்த விளிம்பில் கால் இடறும். உலோகச் சீவல் அதில் குத்தி உட்கார்ந்துகொண்டால் எடுக்கவே முடியாது. வெல்டிங், கிரைண்டர் பொறி பட்டால் உருகி ஓட்டையாகும், சில நேரம் பற்றியும்கொள்ளும். மரவேலை, மின்னணுப் பழுதுபார்ப்பு போன்ற வேலைக்கு ஓரிரண்டு வருடத்துக்கு ஓடும். தீப்பொறி பறக்கும் இடத்துக்கு இதைக் கொண்டுவரவே வேண்டாம்.

கெட்டியான ரப்பர் பாய் நெடுநாள் உழைக்கும். எண்ணெய், கிரீஸ் சொட்டும் லேத், என்ஜின் வேலை என்றால் சாதாரண ரப்பர் எண்ணெய் குடித்து ஊதி, பிசுபிசுக்கத் தொடங்கும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். ஓட்டை போட்ட பாய்களில் சீவலும் குளிர்விக்கும் திரவமும் கீழே இறங்கிவிடும், கால் வழுக்காது. ஆனால் சின்னத் திருகாணி விழுந்தாலும் அதே ஓட்டை வழியாகத்தான் போகும், ஒவ்வொரு முறையும் பாயைத் தூக்கித் தேட வேண்டும்.

குதிரை லாயத்தில் விரிப்பதற்கென்று வரும் ரப்பர் பாயைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது 18 மி.மீ. அளவு கனம், ஒருவர் தூக்க முடியாத எடை. அதை மெத்தை என்று நினைக்கக் கூடாது. அவ்வளவு அடர்த்தியான ரப்பர் பாதத்துக்குக் கீழே அமுங்குவது மிகக் கொஞ்சம்தான். அது நன்றாகச் செய்கிற வேலை வேறு: குளிரைத் தடுக்கும், சக்கர வண்டி மேலே ஓடினாலும் தாங்கும், சுருளாமல் ஒட்டினாற்போல் கிடக்கும். புதிதில் அடிக்கிற வாடை மூடிய அறையில் பல நாள் நிற்கும், வெளியே காயவைத்துப் பிறகு உள்ளே கொண்டுவருவது நல்லது.

பாலியூரித்தேன் பாய்கள்தான் இவற்றில் ஒழுங்காகத் தயாரிக்கப்பட்டவை. விலை அதிகம். அமுங்கி உடனே எழும், பள்ளம் விழுவது குறைவு.

கனத்தைப் பற்றி ஒரு சொல். அதிகம் மெத்தென்று இருந்தால் அதிகம் நல்லது என்று கை வைத்துப் பார்க்கும்போது தோன்றும். காலுக்கு அப்படியில்லை. மிகவும் மெத்தென்ற பாயில் கணுக்கால் ஒவ்வொரு நொடியும் நிலை தேடிக்கொண்டே இருக்கும், மணல் மேட்டில் நிற்பதைப் போல. இரண்டு மணி நேரத்தில் வேறொரு வலி வரும். 10 முதல் 20 மி.மீ. கனத்தில், கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கி, ஆனால் அடித்தரை தட்டுப்படாமல் நிற்கிற பாய் போதும். மேலே ஏறி நின்று, ஒற்றைக் குதிகாலில் எடை முழுதையும் இறக்கிப் பாருங்கள். கீழே கல் தெரிந்தால் அது பாய் இல்லை, விரிப்பு.

கடையில் இரண்டு நிமிடம் ஏறி நின்று முடிவு செய்யவும் கூடாது. நான்கு மணி நேரம் நிற்க வைத்து வெவ்வேறு தரைகளை ஒப்பிட்ட ஆய்வில், முதல் இரண்டு மணி நேரம்வரை தரைகளுக்குள் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் தெரிந்தது. என் அனுபவமும் அதுவே. காலையில் எல்லாத் தரையும் நல்ல தரைதான்.

பாயின் குறைகளையும் சேர்த்து எடை போட வேண்டும். விளிம்பு சரிவாக இல்லாவிட்டால் பாரம் தூக்கி வரும்போது இடறும். சுழலும் ரம்பத்துக்கு முன்னால் பாய் நழுவினால் அது கால் வலியோடு முடியாது. அங்கே அடியில் பிடிப்புள்ள, கனமான பாய் மட்டுமே. சக்கரம் வைத்த இயந்திரங்களை நகர்த்துகிற பட்டறையில் பாயைத் தினமும் சுருட்டி எடுக்க வேண்டி வரும், சில வாரத்தில் அது மூலையில் நின்றுவிடும். ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். மேசையிலிருந்து உருண்ட உளி கான்கிரீட்டில் விழுந்தால் முனை மூலை உடைந்து, ஒரு மணி நேரம் தீட்டி எடுக்க வேண்டும். பாயில் விழுந்தால் குனிந்து எடுத்து வேலையைத் தொடரலாம்.

ஷூவும் இன்சோலும்

பத்து இடத்துக்கு ஓடுகிறவர் எல்லா இடத்திலும் பாய் விரிக்க முடியாது. அவருக்குப் பாய் காலோடு ஒட்டியிருக்க வேண்டும், அதாவது ஷூ. அடுத்தவர் பட்டறையில் வேலை செய்கிறவருக்கும், தரையில் கை வைக்க உரிமை இல்லாதவருக்கும் இதுவே வழி.

அடிப்பாகத்துக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கும் ஃபோம்தான் ஷூவின் உயிர். இ.வி.ஏ. என்றால் எடை குறைவு, முதல் நாளே மெத்தென்று இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் மிதிபட்டு அமுங்கிப்போகும். மேலே தோல் புத்தம் புதிதாக இருக்கும், உள்ளே ஃபோம் செத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருந்தால், பக்கவாட்டில் ஃபோமில் சுருக்கக் கோடுகள் நிரந்தரமாக விழுந்திருந்தால், அது முழங்காலுக்கு உதவுவதை நிறுத்திவிட்டது. பாலியூரித்தேன் அடிப்பாகம் கொஞ்சம் கனம், அமுங்கல் குறைவு, நெடுநாள் தாங்கும். அதற்கு வேறொரு நோய் உண்டு: காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைவது. போடாமலே அலமாரியில் வைத்திருந்தால் அந்தச் சிதைவு நிற்பதில்லை. நல்ல ஷூ வீணாகக் கூடாது என்று நான் எடுத்து வைத்த ஒரு ஜோடி, சில வருடம் கழித்துப் போட்ட அன்றே அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஷூவை வாங்கினால் போட்டுத் தேயுங்கள்.

சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது பாதம் வீங்கியிருக்கும். நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விரல்கள் விரிந்து நிற்க முடியாத ஷூவில் எந்த மெத்தை இருந்தும் பயனில்லை. பாரம் விழக்கூடிய வேலையென்றால் பாதுகாப்பு ஷூக்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 20345-இன்படி விரல் காப்பு உள்ள ஷூவாக இருக்கட்டும். அடியில் ஆணி ஏறாமல் தடுக்க இரும்புத் தகடு வைத்தவையும், துணி அடுக்கு வைத்தவையும் உண்டு. துணி அடுக்கு நன்றாக வளையும், நடக்க எளிது. ஆனால் மெல்லிய கூரான ஆணியைத் தடுப்பதில் இரும்புத் தகடு மேல். கால் வலிக்கிறது என்பதற்காகக் காப்பு இல்லாத ஓட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு கனமான வேலையில் நிற்பதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு ஜோடி வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது செலவு போலத் தெரியும். ஈரம் காய ஒரு நாள் கிடைக்கிறது, அமுங்கிய ஃபோம் எழவும் நேரம் கிடைக்கிறது, நேற்று உரசிய இடத்திலேயே இன்றும் உரசுவதில்லை. ஒரு ஜோடியை ஓட்டித் தேய்ப்பதைவிட இரண்டும் சேர்ந்து அதிக நாள் வருகிறது.

இன்சோலில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று மெத்தை: ஜெல், மென்மையான ஃபோம். மற்றது தாங்கி: பாத வளைவுக்குக் கீழே கொஞ்சம் விறைப்பாக எழும்பியிருக்கும். கையால் அழுத்திப் பார்த்து வாங்குகிறவர்கள் மெத்தையைத்தான் எடுப்பார்கள். காலையில் முதல் அடியில் குதிகால் வலிக்கிறது என்றால் தாங்கி வகையை முதலில் பாருங்கள். பாதத்தின் அடியில் ஓடும் நார்ப்பட்டை இழுபடுவதை அதுதான் குறைக்கும். அந்த வலிக்கு அளவெடுத்துச் செய்வதும் ஆயத்தமாக விற்பதும் பெரும்பாலானோருக்கு ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன, எனவே ஆயத்த இன்சோலில் தொடங்குவது புத்திசாலித்தனம். உள்ளே இருக்கும் பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும், மேலேயே வைத்தால் குதிகால் உயர்ந்து ஷூ பிடிப்பை இழக்கும். நிலைமின்சாரம் தடுக்கும் ஷூவில் கண்ட இன்சோலையும் மாற்றினால் அந்தக் காப்பே போய்விடலாம். அதற்கு அந்த ஷூ நிறுவனம் ஒப்புதல் தந்த இன்சோல் மட்டுமே.

பாயும் ஷூவும் இரண்டும் தேவையா? வெறும் தரையைவிட இரண்டில் எது இருந்தாலும் மேல். இரண்டையும் சேர்த்தால் பலன் இரட்டிப்பாவதில்லை. மெத்தென்ற ஷூ போட்டு மெத்தென்ற பாயில் நின்றால் முன்னே சொன்ன மணல் மேட்டுக் கதைதான். நல்ல ஷூ இருப்பவர் கெட்டியான பாயை எடுக்கலாம்.

மரத்தளம்

சொந்த இடம், நிலையான பட்டறை, பல வருடம் அங்கேதான் என்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கலாம். பழைய மரத்தளப் பட்டறையில் நின்று வேலை பார்த்தவர்கள் கான்கிரீட்டுக்கு வந்ததும் முதலில் சொல்வது அந்தத் தரையின் நினைவைத்தான்.

ஆனால் மரம் என்பதால் மட்டும் கால் வலி போகாது. கான்கிரீட்மேல் ப்ளைவுட்டை அப்படியே ஒட்டினால் சூடு கிடைக்கும், மெத்தென்று ஆகாது. அடியில் அதே கல்தான் இருக்கிறது. மரக்கட்டைகளைப் படுக்கவைத்து, அவற்றின்மேல் 18 மி.மீ. ப்ளைவுட் பரப்பினால் கட்டைகளுக்கு நடுவே பலகை மிகச் சன்னமாக வளைந்து கொடுக்கும். அந்த வளைவைத்தான் நாம் வாங்குகிறோம். கெட்டியான இன்சுலேஷன் ஃபோம் பலகைமேல் ப்ளைவுட் போடுவது இன்னொரு முறை. உயரம் குறைவாகத்தான் கூடும், சூடு நன்றாக நிற்கும், வளைவு குறைவு.

ஈரம்தான் இதைக் கெடுக்கும். முதலில் சோதியுங்கள்: 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் மூடி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, கான்கிரீட் நிறம் கறுத்திருந்தாலோ, ஈரத் தடுப்புத் தாள் இல்லாமல் மரத்தைப் போட்டால் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். கறையான் உள்ள இடத்தில் இன்னொரு கவலையும் சேர்கிறது.

தரை உயர்வதால் கதவு தட்டும், வாசலில் ஒரு படி உருவாகும், கான்கிரீட்டிலேயே நிற்கும் மேசை உங்களுக்குத் தாழ்ந்துபோகும். கனமான லேத்தையும் பிரஸ்ஸையும் மரத்தளத்தில் நிறுத்தக் கூடாது, அவற்றுக்குக் கான்கிரீட்டே வேண்டும். அந்த இடத்தை வெட்டி விட்டுச் சுற்றிலும் தளம் போடலாம். வெல்டிங் செய்யும் பட்டறைக்கு இந்த வழி மூடியே இருக்கிறது. பொறி பலகை இடுக்கில் விழுந்து, எல்லோரும் போன பிறகு புகையும்.

முழுத் தளம் வேண்டாம், வேலை மேசைக்கு முன்னால் மட்டும் ஒரு மரச்சட்ட மேடை என்பது நல்ல நடுவழி. சிலாகைகளை இடைவெளி விட்டு அறைந்த மேடை. தூள் இடுக்கில் இறங்கும், மேடையை நிமிர்த்தி நிறுத்திப் பெருக்கலாம். எனக்கு இதுதான் பாயைவிடப் பிடித்துப்போனது. இரண்டு பேர் மாறி மாறி நிற்கும் மேசை என்றால், உயரம் குறைவானவருக்கு மேசை உயரச் சிக்கலும் தீர்கிறது.

காசில்லாத வழிகள்

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் காசு கொடுத்து வாங்குவதைப் பற்றிச் சொல்லி முடிக்காமல் இதை யாரும் கேட்பதில்லை.

மேசை உயரத்தை அளந்து பாருங்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் அது தரையிலிருந்து எவ்வளவு உயரம்? நுணுக்கமான வேலைக்கு மேசை அதைவிட ஏறக்குறைய 5 செ.மீ. மேலே இருக்க வேண்டும். சாதாரண வேலைக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே. இழைப்புளி தள்ளுவது போல உடம்பின் எடையை இறக்கிச் செய்யும் வேலைக்கு இன்னும் கீழே, 20 செ.மீ.க்கு மேல். மேசை தாழ்ந்திருந்தால் குனிவோம், குனிந்தால் எடை பாதத்தின் முன்பகுதிக்குப் போகும், முழங்கால் பூட்டிக்கொள்ளும், இடுப்பு இழுக்கும். தரையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த என் இடுப்பு வலியில் பெரும்பங்கு மேசையுடையது. நான்கு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்திய வாரத்திலேயே அது தெரிந்தது.

அடுத்தது, மேசைக்கு அடியில் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு மரத்துண்டு. ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வையுங்கள், கொஞ்ச நேரம் கழித்து மாற்றுங்கள். தூக்கிய காலின் இடுப்புச் சதை தளர்ந்து, கீழ்முதுகின் வளைவு குறையும். இதைவிட மலிவான, இதைவிட உடனே தெரிகிற வழி எதையும் நான் பார்க்கவில்லை. கழிவுக் கட்டையிலிருந்து வெட்டி இன்றைக்கே வைக்கலாம்.

சாய்ந்து உட்காரும் உயரமான ஸ்டூல் மூன்றாவது. முழுக்க உட்கார்வதில்லை, தொடை சரிவாக இருக்க, எடையில் ஒரு பங்கை ஸ்டூலுக்குக் கொடுத்து மீதியைக் காலில் வைப்பது. தீட்டுவது, அளப்பது, பூசுவது, பொருத்துவது எல்லாம் இப்படிச் செய்யலாம். ரம்பமும் பெரிய இயந்திரங்களும் ஓடும்போது மட்டும் வேண்டாம், கட்டை எகிறி வந்தால் உட்கார்ந்திருப்பவரால் விலக முடியாது.

வேலையைக் கலந்து அடுக்குவதும் ஒரு வழி. இருபது துண்டையும் இழைத்து முடித்துப் பிறகு இருபதையும் அளப்பதற்குப் பதில், ஐந்தை இழைத்து, போய் உட்கார்ந்து அளந்து, திரும்ப வருவது. வேகம் கொஞ்சம் குறையும். அடிக்கடி எடுக்கும் கருவியை நாலு அடி தள்ளி மாட்டுவதும் அப்படித்தான். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற பாடத்துக்கு இது நேர் எதிர், ஆனால் காலுக்கு அந்த நாலு அடி வேண்டும். நகர முடியாத வேலையில், அரை மணிக்கு ஒருமுறை மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இருபது முறை இறக்குங்கள். பம்ப் ஓடும்.

மற்றவை

அழுத்தக் காலுறை மூட்டுக்கானதல்ல. சாயங்காலம் கால் கனத்து, காலுறை விளிம்பு பதிந்து வீங்குகிறவர்களுக்கு 15 முதல் 20 மி.மீ. பாதரச அழுத்தம் கொண்டவை நல்ல பலன் தரும். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். கால் தமனியில் அடைப்பு உள்ளவர்களும், நீரிழிவால் பாதம் உணர்விழந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம் இருப்பவர்களுக்குத் தொடையின் முன்சதையை வலுவாக்குவது எந்தப் பாயையும்விடப் பெரிய முதலீடு. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்கார்வதிலிருந்தே தொடங்கலாம். எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நடக்கும்போது அடி ஒன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் முழங்காலில் குறைகிறது. வலி நிவாரண மாத்திரையை விழுங்கிவிட்டு நிற்பதை நான் வழியாகவே எண்ணவில்லை. நிறுத்து என்று உடம்பு சொல்வதை அது மறைக்கிறது, நாள்பட எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சிவந்து சுடுகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தாலும் அப்படியே. முழங்கால் பாதி மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டாலும், படுத்திருக்கும்போதே வலித்தாலும், கால் மரத்துப்போனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவையெல்லாம் தரையால் வருபவை அல்ல.

சரி, எதை எடுப்பது?

மேசை உயரமும் கால் வைக்கும் கட்டையும் எல்லோருக்கும் பொது. அவற்றைச் செய்யாமல் வேறு எதற்கும் பணம் போடாதீர்கள்.

அதன் பிறகு தூசியில் ஒன்றிரண்டு தடம் மட்டும் தெளிவாக விழுந்தவர் அந்த இடத்துக்கு மட்டும் நல்ல பாயோ சட்ட மேடையோ போடட்டும். பட்டறை முழுக்க மலிவான ஃபோம் பரப்புவதற்கு ஆகும் பணத்தில் ஒரு நல்ல பாய் வந்துவிடும். தடம் எங்கும் சிதறியிருப்பவர் ஷூவில் போடட்டும், காலை வலி இருந்தால் தாங்கி இன்சோலோடு. பொறி பறக்கும் வேலையென்றால் ஷூவும் தீ தாங்கும் ரப்பர் பாயும் தவிர வேறில்லை. முழுத் தளத்தை, மேடையில் ஒரு வருடமாவது நின்று பார்த்து, மரம் உங்கள் காலுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, இரண்டு வாரம், தினமும் இரண்டு முறை வலியைப் பத்துக்கு எத்தனை என்று சுவரில் எழுதுங்கள்: வேலை முடித்து உட்கார்ந்து எழும்போது ஒன்று, காலையில் முதல் அடியில் ஒன்று. என் பட்டறைச் சுவரில் வைஸுக்கு மேலே அந்தப் பென்சில் எண்கள் இன்னும் இருக்கின்றன. மேசையை உயர்த்திய வாரத்தில் சாயங்கால எண் 7லிருந்து 4க்கு வந்தது, காலை எண் அசையவே இல்லை. இன்சோல் வைத்த பிறகுதான் அதுவும் இறங்கியது.